பிள்ளைகளோடு பஞ்சுப் பொம்மை தைத்தல்: மன்னவனூர் ஆடும் காட்டுமாடும்

கடையில் தொங்கும் கரடிப் பொம்மையைப் போல ஒன்றைத் தைத்துவிடலாம் என்று தொடங்கும் வேலை, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளிடம் பெரும்பாலும் பாதியில் நின்றுவிடும். கரடியின் கழுத்து குறுகலானது. கைகால்கள் தனித்தனிக் குழாய்கள். அவற்றைத் தைத்து, உட்புறம் வெளியே வரும்படி புரட்டி, நுனிவரை பஞ்சு அடைப்பது பெரியவர்களின் பொறுமையையே சோதிக்கும். கடைசியில் அம்மாவோ அத்தையோ ஊசியை வாங்கித் தாமே முடித்துக் கொடுக்க, பிள்ளை அருகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும். கோணலான தையலையும் தாங்கக்கூடிய துணியையும், குறுகிய இடமே இல்லாத வடிவத்தையும் பெரியவர்கள் முன்கூட்டியே தேர்ந்துவைத்தால், ஊசி கடைசிவரை பிள்ளையின் கையிலேயே இருக்கும். பெரியவர்களின் உழைப்பில் பெரும்பகுதி பிள்ளை உட்காருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

கொடைக்கானல் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இரண்டு விலங்குகள் மிகவும் பொருத்தமானவை. ஒன்று, மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி மையத்திற்குப் போனவர்கள் பார்த்திருக்கும் கம்பளி ஆடு. மற்றொன்று, மாலையில் நகரத்துச் சாலைகளிலேயே சாவகாசமாக நடந்துபோகும் காட்டுமாடு. ஆட்டின் உடல் ஒரு முட்டை வடிவம் மட்டுமே என்பதால் முதல் பொம்மைக்கு அதுவே ஏற்றது. காட்டுமாட்டை இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம்.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. ஓரம் பிரியாத துணியாக இருந்தால் தையலுக்காக ஓரத்தை உள்ளே மடிக்கவும் வேண்டாம், தைத்தபின் புரட்டவும் வேண்டாம். இரண்டு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிப்பக்கத்திலேயே தைத்துவிடலாம். ஜெர்மனியைச் சேர்ந்த மார்கரெட்டே ஸ்டைஃப் என்ற தையற்கலைஞர் 1880ஆம் ஆண்டளவில் ஃபெல்ட் துணியில் (நெய்யாமல், இழைகளை அழுத்திச் செய்யும் தடித்த துணி) யானை வடிவக் குண்டூசி மெத்தைகளைச் செய்து விற்றார். அவற்றைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டதிலிருந்துதான் அவருடைய பொம்மைத் தொழில் வளர்ந்தது. இளம்பிள்ளைவாதத்தால் கால்கள் செயலிழந்து, வலக்கையையும் சிரமத்தோடே அசைக்க முடிந்த அவர் வேலை செய்தது ஓரம் பிரியாத ஃபெல்ட் துணியில் என்பதைப் பிள்ளைகளுக்குத் தைக்கக் கற்றுத்தருபவர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

ஃபெல்ட் துணி எம்ப்ராய்டரிப் பொருள் விற்கும் கடைகளில் தாள்தாளாகக் கிடைக்கிறது. ஆனால் குளிர்ப்பிரதேசத்து வீடுகளில் அதைவிட நல்ல துணி அலமாரியின் அடியிலேயே கிடக்கும். அளவு சிறுத்துப்போன அல்லது முழங்கை கிழிந்த அசல் கம்பளி ஸ்வெட்டரை மிகவும் சூடான சோப்புத் தண்ணீரில் போட்டு, கைக்குக் கையுறை அணிந்துகொண்டு நன்றாகக் கசக்கினால், கம்பளி இழைகளின் மேல் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு துணி சுருங்கித் தடித்துவிடும். நல்ல புடவையைத் துவைக்கும்போது எவையெல்லாம் கூடாது என்று சொல்வார்களோ அவற்றையெல்லாம் இங்கே செய்ய வேண்டும். பின்னல் கண்கள் மறைந்து, கத்தரித்தால் ஓரம் பிரியாத நிலை வந்ததும் அலசி, துண்டில் சுருட்டிப் பிழிந்து காயப்போடலாம். வாஷிங் மெஷினில் சூடான நீர்ச் சலவை இருந்தால் இரண்டு ஜீன்ஸ் பேண்டுகளோடு சேர்த்துப் போட்டுவிடுங்கள். உரசல் தேவையான அளவுக்குக் கிடைத்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கடைகளில் கம்பளி என்று விற்கப்படும் ஸ்வெட்டர்களில் பெரும்பாலானவை அக்ரிலிக் நூலில் பின்னியவை, அவை எத்தனை முறை கசக்கினாலும் இப்படித் தடிக்காது. உட்தையலிலிருந்து ஓர் இழையை உருவி, பாத்திரம் கழுவும் தொட்டியின் மேல் இடுக்கியால் பிடித்துக்கொண்டு பெரியவர் ஒருவர் தீக்குச்சியால் கொளுத்திப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அசல் கம்பளி மயிர் பொசுங்கும் நாற்றத்தோடு எரிந்து, விரலால் நசுக்கினால் சாம்பலாக உதிரும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான கறுப்பு உருண்டையாகிவிடும். அக்ரிலிக்கோ பனியன் துணியோதான் கையில் இருக்கிறது என்றால் அதை ஒதுக்கிவிட்டுப் பழைய ஃப்ளீஸ் ஜாக்கெட்டை எடுங்கள்; ஃப்ளீஸும் ஓரம் பிரியாது. இழுத்தால் நீளும் பின்னல் துணியில் பிள்ளைகளைத் தைக்கவிடுவது வீண் தொல்லை.

அடைப்பதற்கு எந்தப் பஞ்சு என்பதில் நம் பக்கத்து வழக்கம் இலவம் பஞ்சுதான். மலைக்குக் கீழே தேனி மாவட்டத்தில் போடி, வருசநாடு பகுதிகளில் இலவமரங்கள் நிறைய உண்டு என்பதால் நல்ல பஞ்சு கிடைப்பது அரிதன்று. தலையணைக்கு அதற்கு இணையில்லை என்றாலும் பிள்ளைகள் கையாளும் பொம்மைக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அதன் இழை குட்டையாகவும் வழுவழுப்பாகவும் இருப்பதால் ஒவ்வொரு பிடியிலிருந்தும் பாதி பறந்து மூக்கிலும் தொண்டையிலும் ஏறும், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது தீங்கு; பிள்ளையின் தையலில் விட்டுப்போன இடைவெளி வழியாகவும் அது வெளியே வந்துகொண்டே இருக்கும். ரெக்ரான் என்று கடைகளில் கேட்டு வாங்கும் பாலியஸ்டர் பஞ்சில் இந்தத் தொல்லை இல்லை. நனைந்தாலும் சீக்கிரம் காயும். அந்தப் பஞ்சு அடைத்த பழைய தலையணை ஒன்றில் புழுக்க வாடை இல்லையென்றால், அதைப் பிரித்துப் பத்துப் பொம்மைகளுக்குக் குறையாமல் அடைக்கலாம். துணி வெட்டுகளை மட்டும் அடைத்தால் பொம்மை கல்போலக் கனத்து முடிச்சுமுடிச்சாக நிற்கும். சேர்த்தே ஆக வேண்டுமென்றால் நகத்தளவுக்கு நறுக்கிப் பஞ்சோடு கலந்துகொள்ளுங்கள்.

ஊசி விஷயத்தில் மிகச் சிறியது பாதுகாப்பானது என்ற எண்ணம் தவறு. மெல்லிய ஊசி பிள்ளையின் விரலில் நிற்காமல் நழுவும், அதன் காதில் நூலும் கோக்க வராது. ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் நீளமும் பெரிய காதும் கொண்ட எம்ப்ராய்டரி ஊசியே ஏழு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வசதி. அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு உல்லன் நூல் தைக்கும் முனை மழுங்கிய ஊசியைக் கொடுத்து, துணியில் பெரியவர்களே முன்கூட்டி கோணூசியால் துளை போட்டுத் தந்துவிட வேண்டும். உட்காரும்போது எத்தனை ஊசிகள் வெளியே எடுத்தோமோ அத்தனையும் எழும்போது குண்டூசி மெத்தையில் திரும்பக் குத்தப்பட்டனவா என்று பிள்ளையையே எண்ணச் சொல்லுங்கள். மலையின் ஈரத்தில் ஊசிகள் எளிதில் துருப்பிடிக்கும். துருவேறிய ஊசி துணியில் சிக்குவதோடு வெள்ளைத் துணியில் பழுப்புக் கறையையும் விட்டுவிடும் என்பதால் அவற்றை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்.

நூல் தடித்ததாகவும் துணிக்கு எதிரான நிறத்திலும் இருக்கட்டும். வெள்ளை ஆட்டுக்கு வெள்ளை நூல் கொடுத்தால் எங்கே குத்தினோம் என்பது பிள்ளைக்கே தெரியாது. சிவப்பு எம்ப்ராய்டரி நூலில் தைத்தால் ஒவ்வொரு தையலும் கண்ணுக்குத் தெரியும், அது பொம்மைக்கு ஒரு கரைபோலவும் அமைந்துவிடும். பிள்ளையின் கையால் இரண்டு முழம் அளந்து வெட்டி, ஊசியில் கோத்து, இரு நுனிகளையும் சேர்த்து முடிச்சிட்டால் ஒரு முழ நீளமுள்ள இரட்டை நூல் கிடைக்கும். இரட்டை நூல் ஊசியிலிருந்து உருவி வராது. நீளம் அதற்கு மேல் போனால் சிக்கு விழும், சிக்கு எடுக்கவே பிள்ளையின் பொறுமை தீர்ந்துவிடும்.

இனி ஆட்டுக்கு வருவோம். பழைய காலண்டர் தாளை இரண்டாக மடித்து, மடிப்பின் பக்கம் அரை முட்டை வடிவம் வரைந்து வெட்டினால் இருபுறமும் சமமான வடிவம் விரியும். நீளம் 18 சென்டிமீட்டர், உயரம் 13 சென்டிமீட்டர் இருந்தால் பிள்ளையின் கைக்கு அடக்கமாக இருக்கும். இதைவிடச் சிறியதாகச் செய்தால் வேலை எளிதாகும் என்று தோன்றும், ஆனால் சிறிய பொம்மையில் வளைவுகள் கடுமையாகி வேலை கூடும். தாளை வெள்ளைத் துணியில் வைத்துத் தையல்காரர் சாக்பீஸால் சுற்றி வரைந்து இரண்டு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு அல்லது பழுப்புத் துணியில் முகத்திற்கு 9 சென்டிமீட்டர் நீளமுள்ள சிறு முட்டை வடிவம் ஒன்று, இலை வடிவக் காதுகள் இரண்டு, கால்களுக்கு 3 சென்டிமீட்டர் அகலமும் 7 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பட்டைகள் நான்கு வேண்டும். தடித்த துணியை வெட்டப் பிள்ளையின் கத்தரிக்கோல் போதாது. வரைவதைப் பிள்ளைக்கு விட்டுவிட்டு வெட்டுவதைப் பெரியவர் செய்யட்டும்.

உடலை மூடுவதற்கு முன்பே முகத்தை முடித்துவிட வேண்டும். பஞ்சு அடைத்து உருண்டுபோன பொம்மையில் கண் தைப்பது அனுபவமுள்ளவர்களுக்கே கடினம். தட்டையான துணியில் பிள்ளையே செய்துவிடும். முகத்துண்டின் மேல் இரண்டு மிளகுகளை வைத்து நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். மிளகுகள் மேலே நெருக்கமாக இருந்தால் ஆடு முதிர்ந்ததாகவும் சற்றுக் கடுகடுப்பாகவும் தெரியும். பாதிக்குக் கீழே இறக்கி அகலமாக வைத்தால் குட்டியாகிவிடும். இந்த விளையாட்டுக்கு அவசரமில்லாமல் நேரம் கொடுங்கள், பொம்மை யாருடையது என்பது இங்கேதான் முடிவாகிறது. பிடித்த இடத்தில் மிளகை எடுத்துவிட்டுச் சாக்பீஸால் புள்ளி வைத்து, வெள்ளை நூலால் அதே புள்ளியின் மேல் ஐந்தாறு தையல்களை நெருக்கமாகப் போட்டால் கண் தயார். பொம்மை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்குப் போகக்கூடிய வீட்டில் பட்டன், மணி, பாசி எதுவும் வேண்டாம். பிய்ந்து வந்தால் அவை நேராகத் தொண்டைக்குப் போகும்.

கண் வைத்த முகத்தை உடலின் ஒரு துண்டின் மேல், ஒரு முனைக்கு அருகில் வைத்து, காதுகளின் அடியை முகத்திற்குக் கீழே செருகிச் சுற்றிலும் தைத்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு உடல் துண்டுகளையும் சேர்த்து, வயிற்றுப் பக்கத்தில் கால்பட்டைகளை முன்னால் இரண்டும் பின்னால் இரண்டுமாக 2 சென்டிமீட்டர் உள்ளே போகும்படி இடையில் செருகிக் குண்டூசி குத்துங்கள். ஓரத்திலிருந்து அரை சென்டிமீட்டர் உள்ளே, ஓர் அரிசியின் நீள இடைவெளியில் சாக்பீஸ் புள்ளிகளைச் சுற்றிலும் வைத்துவிட்டால் பெரியவரின் வேலை ஏறக்குறைய முடிந்தது.

பள்ளிகளில் முதலில் கற்றுத்தரும் ஓட்டுத் தையலே இதற்குப் போதும், ஆனால் அதை இரண்டு முறை ஓட்ட வேண்டும். ஒரு புள்ளியில் மேலிருந்து கீழே, அடுத்த புள்ளியில் கீழிருந்து மேலே என்று முன்னங்காலுக்குப் பின்னாலிருந்து தொடங்கிச் சுற்றிவந்தால் தையலும் இடைவெளியும் மாறிமாறி அமையும். சுற்றளவு ஏறக்குறைய அரை மீட்டர் என்பதால் ஒரு சுற்றுக்கு இரண்டு நூல்கள் செலவாகும். நூல் தீரும் இடத்தில் பிள்ளை இளைப்பாறட்டும். பின்னர் வந்த வழியே திரும்பித் தைக்கும்போது முதல் சுற்றில் இடைவெளியாக இருந்த இடங்கள் நிரம்பி, கோடு முழுமையாகிவிடும். கெட்டித் தையல் வலுவானதுதான், ஆனால் ஒவ்வொரு குத்துக்கும் பின்னால் போய் முன்னால் வருவதில் எட்டு வயதுப் பிள்ளை எளிதில் குழம்பும். இரட்டை ஓட்டம் குழப்பமில்லாமல் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது. முதல் சுற்றில் எங்காவது ஒரு தையல் நீண்டுவிட்டாலும் திரும்பும்போது அதை நடுவில் குத்தி அடக்கிவிடலாம். வயிற்றில் முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் இடையே பிள்ளையின் நான்கு விரல்கள் நுழையும் அளவுக்கு மட்டும் தைக்காமல் விட வேண்டும்.

இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினால் எல்லாம் தலைகீழாகத் தெரியும். எதிரே உட்காருங்கள், கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே பின்பற்றும். காலையில் குளிரில் விறைத்த விரல்களால் ஊசி பிடிப்பது சரியாக வராது. பிற்பகலில் மூடுபனி இறங்கினால் ஜன்னலோரத்திலும் வெளிச்சம் போதாது. பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு நாளைக்குப் போதுமானது, மிச்சத்தை மறுநாள் தைக்கலாம்.

பஞ்சு அடைப்பதில் ஐந்து வயதுப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளலாம். தலையணையிலிருந்து எடுத்த பஞ்சு கட்டிகளாக இருக்கும், அதை விரல்களால் பிய்த்து மேகம்போலத் தளர்த்திய பிறகே உள்ளே போட வேண்டும். கட்டியாகத் திணித்தால் வெளியே மேடுபள்ளம் தெரியும். தைக்காமல் விட்ட இடைவெளியிலிருந்து தொலைவில் உள்ள இரு முனைகளுக்கும் முதலில் சிறுசிறு பிடிகளாக அனுப்பி, சீவாத பென்சிலின் பின்புறத்தால் தள்ளி, பிறகு நடுப்பகுதியை நிரப்புங்கள். போதும் என்று தோன்றிய பிறகும் இரண்டு பிடி போட வேண்டும், ஏனெனில் ஒரு வாரம் கட்டிப்பிடித்துத் தூங்கியதும் பஞ்சு தணிந்துவிடும். அந்த இடைவெளியை மூடும்போது இரு ஓரங்களையும் பெரியவர் விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் பிள்ளை அதே இரட்டை ஓட்டத்தால் தைத்துவிடும். நூலை முடிக்கையில் ஒரே இடத்தில் மூன்று தையல்கள் போட்டு, ஊசியைப் பஞ்சுக்குள் செலுத்தி வேறிடத்தில் எடுத்து நூலை இழுத்து வெட்டினால் நுனி உள்ளே போய் மறைந்துவிடும். வால் விட்டுப்போயிற்று என்று பிள்ளை சொன்னால் உல்லன் நூலை இரண்டு விரல்களில் சுற்றி, நடுவில் கட்டி, பின்னால் தைத்துக்கொள்ளலாம்.

காட்டுமாட்டுக்கும் இதே முறைதான், வடிவத்தில் மட்டும் மூன்று மாற்றங்கள். முட்டை வடிவத்தின் முன்பாதியில் தோளிலிருந்து முதுகின் நடுவரை ஒரு திமில் மேடு வரைய வேண்டும், அது இல்லாவிட்டால் வீட்டு எருமை ஆகிவிடும். உடல் கரும்பழுப்பு, ஆனால் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியதுபோல வெளிறியிருக்கும். கரும்பழுப்புப் பட்டைகளின் கீழ்ப்பாதியில் வெள்ளைத் துண்டுகளைத் தைத்துவிட்டு அவற்றைக் கால்களாக வையுங்கள். அன்றாடம் சாலையில் பார்க்கும் பிள்ளைகள் இதைச் சொல்லாமலே செய்வார்கள். நெற்றியின் சாம்பல் நிறத்தையும் பலர் நினைவூட்டுவார்கள். கொம்பைக் குழாயாகத் தைத்துப் புரட்ட முயல வேண்டாம். வெளிர்மஞ்சள் ஃபெல்ட் துணியைப் பிறை வடிவில் இரண்டாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரம் தைத்து, நுனிகளைக் கறுப்பு நூலால் சுற்றிவிட்டால் வளைந்து நிற்கும்.

சீசன் நேரத்தில் இவற்றை விற்கலாமே என்ற யோசனை சிலருக்கு வரும். பதினான்கு வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 1.1.2021 முதல் இந்தியாவில் ஐஎஸ்ஐ தரமுத்திரை கட்டாயம். கைவினைப்பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுசெய்த கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கு விலக்கு உண்டு. வீட்டில் விளையாடவும் பரிசாகக் கொடுக்கவும் தைப்பவர்களை இது கட்டுப்படுத்தாது.

துவைக்கும் காலத்தையும் மலை நாட்டில் யோசித்தே தேர்ந்தெடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைத்த பொம்மை நாட்கணக்கில் காயாமல் உள்ளே பூஞ்சை பிடிக்கும். அந்த மாதங்களில் அழுக்கான இடத்தை மட்டும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். வெயில் வரும் தை, மாசியில் தண்ணீரில் சிறிது சோப்பு கரைத்து அமுக்கி அலசுங்கள். அசல் கம்பளியில் தைத்தது என்றால் தண்ணீர் குளிர்ந்ததாகவே இருக்க வேண்டும், சூடு பட்டால் இன்னும் சுருங்கிவிடும். காலைப் பிடித்துத் தொங்கவிடாமல், துண்டில் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுத்து, கம்பி வலைமேல் படுக்கவைத்து அவ்வப்போது புரட்டிக் காயவையுங்கள். பூச்சிக்குப் பயந்து நாப்தலீன் உருண்டைகளோடு பொம்மையை மூடி வைப்பது கூடாது, பொம்மை பிள்ளைகள் வாயில் வைக்கும் பொருள். தைத்த நூலில் மிச்சமிருப்பதை ஓர் அட்டையில் சுற்றிப் பத்திரப்படுத்தினால், பின்னால் தையல் விடும்போது அதே பிள்ளை அதே நிறத்தில் சரிசெய்துகொள்ளும்.